ஜெர்மன் சாமான்

இந்திராணி அண்டாவுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். தண்ணீரில் இன்னும் சூடு இருந்தது. காலையில் ரப்பர் டயரை அதில் ஊறப்போட்டு, "கால் மணி கழிச்சு எழுப்பு" என்று கட்டிலில் சாய்ந்த கணவர் மாணிக்கவாசகம்தான் எழுந்திருக்கவில்லை. வாழ்க்கையில் அவர் நேரம் தவறியது அந்த ஒரு தடவை.

"விடும்மா. மரக்கடை பன்சிலால்கிட்ட நான் சொல்லிக்கறேன்," என்றார், கோல் மார்க்கெட்டிலிருந்து ஆட்டோவில் வந்திறங்கிய அண்ணன் வேணு.

"நாலு மணிக்கு மிஷின் ஓடும்னு சொல்லியிருக்காரு, அண்ணே."

"சொன்னவரே போயிட்டாரு."

"அதான். மாத்திச் சொல்லவும் ஆள் இல்ல."

"நாளைக்கு..."

"தண்ணி ஆறிடும். சாவு வீட்ல திரும்ப அடுப்பு மூட்ட விடுவீங்களா?"

வேணு வேட்டியை மடித்துக் கட்டினார்.

ரம்பப் பட்டை ஓடும் சக்கரத்தின்மேல் மாட்டுகிற ரப்பர் வளையம் அது. டில்லி கீர்த்தி நகர் மரக்கடைகளில் மாணிக்கவாசகம் மாட்டிய டயருக்குத் தனி மரியாதை. ஓடுகிற மிஷினின் மேல் ஒருமுறை தளும்பத் தளும்ப டீ கிளாஸை வைத்தார். டீ அசையவில்லை. மிஷின் நின்றுவிட்டதென்று நம்பி ஒரு ஈ வந்து விளிம்பில் உட்கார்ந்து தூங்கியது. எமர்ஜென்சி வந்து போயிற்று. அந்த டயர் இன்னும் ஓடுகிறது. ஈயைப் பற்றித் தகவல் இல்லை.

கட்டிலுக்கு எதிரே ஸ்டாண்டில் மாட்டியிருந்த பன்சிலாலின் சக்கரத்தைவிட வளையம் சின்னது. இளகியிருக்கும்போதே இழுத்து மாட்ட வேண்டும். பதினெட்டு வருஷமாக மறுமுனையைப் பிடித்தவள் இந்திராணி.

"முறுக்காதீங்க அண்ணே. ஜல்தி."

இரண்டு தடவை நழுவி வேணுவின் மோவாயில் அடித்தது. மூன்றாவது தடவை 'தப்' என்று உட்கார்ந்தது. ஆனால் ஓரிடத்தில் தடிப்பு, ஓரிடத்தில் மெலிவு. அடியில் உருண்டைக் கம்பி ஒன்றைச் செருகிச் சக்கரத்தைச் சுற்றி ஓட்டினால்தான் இழுப்பு சீராகும். அதற்கென்று அவரிடம் ஒரு ஜெர்மன் சாமான் இருந்தது. ஊருக்குத் திரும்பிய ஜெர்மன் இன்ஜினியர் ஒருவர் அழுதுகொண்டே கொடுத்தது. அதை எடுக்கும்போது முதலாளிகளை வெளியே நிற்கச் சொல்வார். மனைவியை, "டீ போடு" என்று உள்ளே அனுப்புவார்.

அவருடைய சாமான் பெட்டியின் அடியில் கிடந்த சிவப்புத் துணி மூட்டையை இந்திராணி பிரித்தாள்.

உருண்டைக் காம்புள்ள பித்தளைச் சாம்பார்க் கரண்டி. குழியின் பின்புறம் 'இந்திராணி' என்று பெயர் வெட்டியிருந்தது. கல்யாணச் சீர். பதினொரு வருஷம் முன்பு காணாமல் போனது. அதை எடுத்தவள் என்று பக்கத்து வீட்டுப் பாப்பம்மாளோடு அன்றிலிருந்து பேச்சில்லை.

பாப்பம்மாள் அவர் தலைமாட்டில்தான் உட்கார்ந்திருந்தாள்.

இந்திராணி கரண்டியைத் தூக்கிக் காட்டினாள். பாப்பம்மாள் பார்த்தாள். கட்டிலையும் பார்த்தாள்.

"பாப்பம்மா, இந்தப் பக்கம் வந்து புடி."

வந்து பிடித்தாள். காம்பு சக்கரத்தை மூன்று சுற்று சுற்றியது.

மூன்று மணிக்கு வந்த பன்சிலால் செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டிலின் முன் வெகுநேரம் கைகூப்பி நின்றார். பிறகு சக்கரத்தை விரலால் சுழற்றினார். ஆட்டமில்லை. தயங்கித் தயங்கி இந்தியில் கேட்டார்: "பாபிஜி, அந்த ஜெர்மன் ஔஜாரை ஒரு தடவை பார்க்கலாமா?"

இந்திராணி மடியிலிருந்த சிவப்புத் துணியில் அவர் போடும் அதே முடிச்சைப் போட்டு இறுக்கினாள்.

"நஹி, பையாஜி. அவரு யாருக்கும் காட்டினதில்ல."

பாப்பம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. பாவம், அழுகிறாள் என்று வேணு தண்ணீர் எடுத்துவரப் போனார்.