நேர்ச்சைக்கு ஆகாத பூட்ஸ்

நிலாவுக்கு நாலு வயது நடக்கிறது, இன்னும் தலையில் கத்தி படவில்லை. பிறந்த முடி அப்படியே சிக்குப் பிடித்துக் கிடக்கிறது. சீப்பை எடுத்தாலே அலறுகிறாள். பங்குனி வெயிலுக்கு உச்சந்தலையில் கொப்புளம் வேறு. சேரப்பணஞ்சேரியில் அவர்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி கோவிந்தம்மா, பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் பெற்றவர்களை ஒரு பாட்டம் திட்டாமல் விடமாட்டாள். திட்டட்டும், அவளுக்கென்ன. வேண்டிக்கொண்டவர்களுக்கல்லவா தெரியும் அந்தச் சங்கடம்.

வேண்டிக்கொண்டவள் கனகலட்சுமி. இரண்டு கரு தங்காமல் போன பிறகு மூன்றாவது தரித்தபோது, இது நல்லபடியாகப் பிறந்தால் என் வீட்டுக்காரர் எங்கள் ஊர் கோவில்பட்டியிலிருந்து திருச்செந்தூருக்கு வெறுங்காலோடு நடந்து வருவார், அதற்கப்புறம்தான் பிள்ளைக்கு முடி இறக்குவேன் என்று முருகனிடம் சொல்லிவிட்டாள். நடக்க வேண்டிய ஆளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாரிராஜும் அன்றைக்கு இருந்த பயத்தில் தலையை ஆட்டினான். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவனுக்கு மெயின்டனன்ஸ் வேலை. தைப்பூசத்துக்கு ஒரு வாரம் லீவு கிடைக்காமலா போய்விடும் என்று நினைத்தான்.

கிடைக்கவில்லை. தை மாதம் பிறந்தாலே அந்தக் கம்பெனிக்குத் தலை போகிற காரியம் ஏதாவது வந்துவிடும். ஒரு தை ஆடிட், அடுத்த தை புது மாடல். மனுஷனை நிற்கவைத்துச் சாறு பிழிவதற்கென்றே மாதம் பார்த்து வைத்திருப்பார்கள் போல. ஷிப்ட் முடிந்து, அதன் மேல் ஓ.டி.யும் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறினால், ஜன்னல் கம்பியில் தலை இடிப்பதுகூடத் தெரியாமல் தூங்குவான். நேர்ச்சை பாக்கி நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. அதைவிட அதிகமாகக் கால் வலித்தது.

இந்த நிலையில்தான் போன வருஷம் பிரான்ஸ் போகச் சொன்னார்கள். அங்கே ஒரு குன்றின் அடிவாரத்தில் இருந்த ஆலையை மூடுகிறார்கள், மிஷினைக் கழற்றிக் கப்பலில் ஏற்றி ஒரகடத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், அந்த வேலைக்குத் துணையாக இவனும் போக வேண்டும். ஊர்ப்பெயர் அவன் வாயில் கடைசிவரை நுழையவில்லை. ஊர் குன்றின் மேலே இருந்தது. கல் வீடுகள், ஒண்டி ஆள் போகிற சந்துகள், ஒரே ஒரு ரொட்டிக்கடை, உச்சியில் ஊரையே விழுங்கிவிடுகிற மாதிரி ஒரு பழைய மாதா கோயில். அந்தக் கோயிலை நோக்கி, முதுகில் மூட்டையும் கையில் கம்புமாக ஆட்கள் நடந்து வந்தபடி இருந்தார்கள். கூட வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர் போனில் மொழிபெயர்த்துக் காட்டினார். ஒரு புனிதரின் சமாதி அடுத்த தேசத்தில் இருக்கிறதாம். பல நூறு வருஷமாக ஜனங்கள் இந்த வழியே நடந்துதான் போகிறார்களாம்.

அட, நம்ம பாதயாத்திரை என்றான் மாரிராஜ். அந்த வினாடியிலேயே அவன் மனதில் ஒரு கணக்கு ஓடிவிட்டது. சாமி எந்த ஊரில் இருந்தால் என்ன, நடக்கிறவனுக்கு வலிக்கிற கால் ஒன்றுதானே? மனதுக்குள் திருச்செந்தூரை நினைத்துக்கொண்டு இங்கே நடந்தால் முருகன் வேண்டாமென்றா சொல்லிவிடுவான்? அலுத்துச் சலித்தவன்தான் இப்படியெல்லாம் கணக்குப் போடுவான். நியாயம் அநியாயம் பார்க்க அவனிடம் தெம்பு இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பஸ் பிடித்து, இரண்டு ஊர் தள்ளிப் போய் இறங்கினான். கனகலட்சுமி எதற்கும் இருக்கட்டும் என்று பெட்டியில் வைத்துவிட்டிருந்த பச்சை வேட்டியைக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு அந்தக் கூட்டத்தில் சேர்ந்து நடந்தான். குளிர்ந்துபோன பாதை, முழுக்கச் சரளைக் கல். கூட நடந்தவர்கள் அவன் காலைப் பார்த்துப் பதறினார்கள்; யாரோ செருப்பைத் திருடிவிட்டார்கள் என்று நினைத்து ஆளாளுக்கு என்னென்னவோ விசாரித்தார்கள். இவன் சிரித்துச் சிரித்துச் சமாளித்துக்கொண்டே குன்றின் மேல் ஏறிவிட்டான். கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு தெரு ஏற வேண்டும்.

அங்கேதான் அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். யாத்திரைக்காரர்கள் தங்குகிற சத்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவள், நடுத்தர வயது. அவன் காலில் ரத்தத்தைப் பார்த்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. கையைப் பிடித்து பெஞ்சில் உட்காரவைத்து, வெந்நீர் கொண்டுவந்து காலைக் கழுவி, பிளாஸ்திரி போட்டாள். யாரோ விட்டுப்போன பழைய பூட்ஸ் ஒரு ஜோடி அலமாரியில் இருந்தது. அதை எடுத்துத் தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்து, அவன் காலில் மாட்டிக் கயிற்றையும் கட்டிவிட்டாள். வேண்டாம் தாயே, இது நேர்ச்சை என்று சொல்ல அவனிடம் பாஷை இல்லை. ஆலையின் மிஷினைக் கழற்றிக்கொண்டு போக வந்தவன் என்று தெரிந்து கழுவினாளா தெரியாமல் கழுவினாளா என்பது இன்றைக்கும் அவனுக்குத் தெரியாது. அந்த ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போட்ட மிஷின் அது. அவன் கையைப் பிடித்தபடி கோயில் வாசல்வரை கூடவே வந்தாள். கழற்றிப் போடவும் வழியில்லை. கடைசித் தெருவை பூட்ஸ் காலோடுதான் ஏறினான்.

ஊர் திரும்பியதும் கனகலட்சுமியிடம் ஒன்று விடாமல் சொன்னான். மறைத்திருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பான். ஆனால் பிள்ளை விஷயத்தில் பொய் சொல்ல அவனுக்கு நெஞ்சு துணியவில்லை. அவள் அந்தப் பூட்ஸைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அந்தம்மா மேல குத்தமில்ல. ஆனா பூட்ஸ் போட்டு நடந்ததை முருகன்கிட்ட எந்த மூஞ்சிய வச்சிட்டுச் சொல்ல? பிள்ளைக்கு நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

அதோடு பேச்சு முடிந்தது. பூட்ஸ் வாசல் ஓரத்தில் கிடந்தது. பிரான்ஸிலிருந்து வந்த மிஷினைப் பொருத்துகிறோம் என்று இந்தத் தையும் லீவு போனது. கோவிந்தம்மா ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "இங்க பக்கத்துல வல்லக்கோட்டைல கீறவரும் முருகர்தான? அவரு இன்னா வேற கம்பெனியா? அங்க நடந்துட்டு வந்து கொயந்தைக்கு மொட்டையப் போடுவியா, சும்மா அத்த அயவுட்டுக்கினு" என்றாள். கனகலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருச்செந்தூர் என்று சொன்னது திருச்செந்தூர்தான்.

பங்குனி பிறந்தது. ஒருநாள் காலையில் நைட் ஷிப்ட் முடிந்து, ஓ.டி.யும் முடிந்து மாரிராஜ் வெளியே வந்தபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. அன்றைக்குத்தான் சூப்பர்வைசர் அடுத்த தைக்கும் இப்போதே கையை விரித்திருந்தார். புது லைனாம், புது ஆர்டராம். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை, அவ்வளவு அலுப்பு. கம்பெனி ஷூவை லாக்கரில் போட்டுப் பூட்டினான். பஸ்ஸில் ஏறவில்லை. கேட்டைத் தாண்டி வெறுங்காலோடு வல்லக்கோட்டைப் பக்கம் நடக்க ஆரம்பித்தான். வீட்டுக்குப் போன் போட்டு, நடக்கிறேன், முருகன் ஏற்றுக்கொண்டால் ஏற்றுக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் போகட்டும் என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஒரகடம் கூட்டுரோட்டைத் தாண்டுவதற்குள்ளேயே தார் கொதித்தது. ரோட்டோரம் ஒதுங்கினால் ஜல்லியும் லாரியிலிருந்து சிந்திய இரும்புத் தூளும். இரவெல்லாம் நின்ற கால், வயிற்றில் டீயைத் தவிர ஒன்றுமில்லை. கன்டெய்னர் லாரிகள் காதைக் கிழித்துக்கொண்டு போயின. ஒரு வேப்பமரம் தென்பட்டதும் அதன் அடியில் விழாத குறையாக உட்கார்ந்தான். இரண்டு பாதமும் கொப்பளித்து, ஒன்று உடைந்து தோல் தொங்கியது.

அப்போதுதான் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. கனகலட்சுமி இறங்கினாள், இடுப்பில் நிலா, கையில் ஒரு துணிப்பை. முகத்தைப் பார்த்தால் ஊரைக் கூட்டிச் சண்டை போட வந்த மாதிரிதான் இருந்தது. அவனை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகத்தான் வந்திருந்தாள். திட்ட வாயைத் திறந்தவள் அவன் காலைப் பார்த்தாள்.

பிள்ளையை இறக்கி அவன் மடியில் விட்டாள். பாட்டில் தண்ணீரை ஊற்றி, முந்தானையால் காலைத் துடைத்தாள். பையிலிருந்து அந்தப் பூட்ஸை எடுத்தாள். வீட்டில் அவன் காலுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

"போடுங்க."

"போட்டா நேர்ச்சையில சேராதேட்டி. நீதான சொன்ன."

"சொன்னேன். அப்ப நான் இந்தக் காலைப் பாக்கலை." பூட்ஸைக் கவிழ்த்துத் தூசி தட்டினாள். "அந்தம்மா பாத்தா, மாட்டி விட்டுட்டா. எனக்குத்தான் இத்தனை நாள் கண்ணு இல்லாமப் போச்சு."

மண்ணில் மண்டிபோட்டு உட்கார்ந்து, அவளே மாட்டிவிட்டாள். கயிற்றை எப்படிக் கட்டுவது என்று தெரியாமல் இரண்டு முடிச்சாகப் போட்டாள். பிறகு எழுந்து தன் செருப்பைக் கழற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டாள்.

"வேண்டினது நான்தான? மிச்சத்தை நான் நடக்கேன். திருச்செந்தூர்க்காரன் கேட்டாம்னா நான் பதில் சொல்லிக்கிடுதேன். நீங்க பிள்ளையத் தூக்கிட்டு வாங்க."

அவன் வேண்டாம் என்று சொல்லப் பார்த்தான். அவள் அதற்குள் ரோட்டில் இறங்கிவிட்டாள். முதல் அடியிலேயே கால் சுட்டு உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கியது, ஆனாலும் நிற்கவில்லை. மாரிராஜ் நிலாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு பூட்ஸ் காலோடு பின்னால் போனான். நிலா அவன் தலைமுடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் தன் தலையைச் சொறிந்துகொண்டே வந்தாள்.