தகட்டின் மேல் பழி

இறந்தவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போனவர்கள் ஆற்றிலிருந்து குடங்களோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். தச்சநல்லூர்த் தெருமுனையில் சங்குச் சத்தம் கேட்டதும், பெஞ்சில் கிடத்தியிருந்த அப்பாவின் கால்மாட்டிலிருந்து சுகிர்தா எழுந்தாள். வீங்கிப்போன அந்தப் பாதங்களை அவளால் பார்க்க முடியவில்லை. "ரெண்டு கிட்னியும் எப்பவோ ஓஞ்சிருக்கு. இவ்வளவு நாளா ஒரு அறிகுறியுமா தெரியல?" என்று நேற்று டாக்டர் கேட்டது, காதுக்குள் புகுந்த எறும்பாகக் குடைந்துகொண்டே இருந்தது.

அவளுடைய ஆராய்ச்சியே சிறுநீரில்தான். வெறும் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுக்க மின்சாரம் ஏகத்துக்குச் செலவாகும். அதில் யூரியா கலந்திருந்து, நிக்கல் பூசிய தகடும் ஒழுங்காக வேலை செய்தால் குறைந்த மின்சாரமே போதும். யூரியாவோ சிறுநீரில் சும்மா கிடைக்கிறது. "கழிச்சுப் போடுததுல கார் ஓட்டப் போறியாக்கும்" என்று கேலி பேசினாலும், தினமும் காலையில் அவள் கொடுத்த கண்ணாடிப் பாட்டிலை நிரப்பி வைப்பதில் அப்பா குற்றாலலிங்கத்துக்குப் பெருமைதான்.

சில மாதங்களாக மின்னோட்டம் இறங்கிக்கொண்டே வந்தது. தகடு செத்துவிட்டது என்று சுகிர்தா முடிவு கட்டினாள். சுரண்டினாள், புதிதாகப் பூசினாள், கடைசியில் தகட்டையே மாற்றினாள். வீட்டிலும் அதே புலம்பல்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று அப்பா சிரித்தார். "எஞ்சரக்கக் குத்தம் சொல்லிராத. பாரு, கண்ணாடி மாதிரி எப்படித் தெளிஞ்சிருக்கு!"

இப்போது துக்கம் கேட்கத் துட்டிக்கு வந்திருந்த நடராஜ் மெல்ல அவள் பக்கம் வந்து நின்றான். அவளிடம் ஆராய்ச்சி செய்கிற மாணவன். பாட்டில் யார் வீட்டிலிருந்து வருகிறது என்று அவனுக்குத் தெரியாது.

"மேடம், இந்த நேரத்துல சொல்லலாமான்னு தெரியல. நம்ம பழைய தகட்டுல கடை யூரியாவக் கரைச்சு ஊத்திப் பாத்தேன். கரண்ட் பழையபடி ஏறிட்டு. தகடு சாகல மேடம்."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பாட்டில் சாம்பிள்லதான் யூரியா இல்ல. வெறும் தண்ணி மாதிரி இருக்கு. யாருன்னு கேட்டு, ஒரு டாக்டரப் பாக்கச் சொல்லிருங்க."

கிட்னி வெளியே தள்ளாத யூரியா ரத்தத்தில்தான் தங்கும் என்று சுகிர்தாவுக்கா தெரியாது?

குடங்கள் வந்து இறங்கின. முகம் கழுவப் போன அம்மா நீலாம்பாள், குளியலறையிலிருந்து பாட்டிலோடு வந்தாள்.

"ஏட்டி, ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கும் ஒனக்குன்னு பிடிச்சு வச்சிருக்காவ. கொட்டிரவா?"

"வேண்டாம்மா. தா."

சுகிர்தா வாங்கி, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். துளி மஞ்சள் இல்லை. அதற்கு அப்பால் அப்பாவின் பாதங்கள் தெரிந்தன. முதல் குடத்து நீர் அவற்றின் மேல் வழிந்துகொண்டிருந்தது.