எச்சில் பட்ட கெடா

இந்தக் காலத்து ஆளுங்களுக்கு எதிலும் பொறுமை கிடையாது. ஆடுகூட ஒரே மாசத்தில் கொழுத்துவிட வேண்டும். படித்தவன் பேச்சைக் கேட்பது, அதையும் பாதி கேட்பது. சென்னியப்பன் பட்டியைச் சுற்றிச் சுற்றி இதையேதான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

மிருக டாக்டர் சுவாமிநாதன் சொன்னது ஒரு கைப்பிடி. "சூரியகாந்தி விதையை இடிச்சு வையுங்க, கறி மெத்துனு இருக்கும்." மருமகள் வசந்தாமணி வைத்ததோ அரைப்படி. கோயில் நோம்பிக்கு நாள் இல்லையாம்.

இப்போது நாலே நாள். கெடா அசை போடுவதை நிறுத்திவிட்டது. தண்ணியாகக் கழிந்துகொண்டு சுவரோரம் படுத்துக் கிடந்தது.

வேறு கெடாவாக இருந்தால் தொலைகிறது என்று விட்டிருப்பார். இது கருப்பணாருக்கு நேர்ந்தது. போன வருசம் தொப்பூர்க் கணவாயில் லாரி கவிழ்ந்தபோது, மகன் நாச்சிமுத்து உசுரோடு வந்தால் தருகிறேன் என்று அவர் வாய்விட்டுச் சொன்ன கெடா. நாச்சிமுத்து இப்போதும் நாக்பூர் ரோட்டில்தான் எங்கேயோ இருக்கிறான். கெடா செத்தால்... அதற்கு மேல் நினைக்காமல் டாக்டருக்கு ஆள் அனுப்பினார்.

சுவாமிநாதன் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "உள்ளே கோடிக்கணக்குல பூச்சிங்க இருக்குதுங்க பெரியவரே. புல்லைச் செரிக்கிறதே அதுங்கதான். விதையோட எண்ணெய் மிஞ்சி அதுங்க செத்துப்போச்சு."

"நாலு தலைமுறையா ஆடு அறுக்கறோம். ஒரு பூச்சியும் பாத்ததில்லையே!"

"கண்ணுக்குத் தெரியாதுங்க."

"தெரியாததை நீங்க மட்டும் எப்பிடிங்க பாத்தீங்க?"

டாக்டர் சிரித்தார். "விதையை நிறுத்திட்டு காஞ்ச சோளத்தட்டு போடுங்க. நல்லா இருக்கற ஆடு அசை போடறப்ப, வாயில இருக்கற இரையை எடுத்துத் தண்ணியில கரைச்சு இதுக்கு ஊத்தணும். செத்த பூச்சிக்குப் பதிலா புதுப் பூச்சி போகும்."

"எச்சியையா? சாமி கெடாய்க்கா?" சென்னியப்பன் கத்திவிட்டார். எச்சில் பட்ட வாழைப்பழத்தைக்கூடக் கருப்பணார் முன்னால் வைக்க மாட்டார்கள்.

"மாமா, அரைப்படி போட்டது நானுங்க. பாவம் எனக்கே வரட்டும்." வசந்தாமணி பட்டியிலிருந்து ஒரு பெட்டையாட்டை இழுத்து வந்தாள். "அவரு ரோட்டுல இருக்காருங்க."

அது அசை போட ஆரம்பித்ததும் சென்னியப்பன் அதன் தாடையைத் தானே பிடித்துத் திறந்தார். "ஊத்தித் தொலைங்க. ஏ அம்மிணி, பூசாரி காதுக்குப் போச்சுன்னா பாரு!"

மூன்றாம் நாள் கெடா அசை போட்டது. நோம்பியன்று காலையில் நாச்சிமுத்துவும் வந்து இறங்கினான்.

பூசாரி அர்த்தநாரி கெடாவின் முதுகில் தண்ணி தெளித்தார். அது உடம்பை உதறித் துலுக்கினால்தான் சாமி ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. துலுக்கவில்லை. மறுபடி தெளித்தார். அசையாமல் நின்றது. சென்னியப்பன் வசந்தாமணியைப் பார்த்தார். தெரிந்துவிட்டது, சாமிக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவது தடவை ஒரு சொம்பையே கவிழ்த்தார் பூசாரி. கெடா தலையிலிருந்து வால்வரை சிலிர்த்து உதறியது. கூட்டம் குலவை போட்டது.

பந்தியில் பங்காளி மாதையன் எலும்பை உறிஞ்சினான். "மாமனாரு ஊட்டு விருந்துலகூட இப்பிடிக் கறி தின்னதில்லீங்க! பஞ்சாட்டம் இருக்குது."

"பூச்சி இருக்குதுன்னு இப்பவாவது நம்பறீங்களா பெரியவரே?" என்றார் சுவாமிநாதன்.

சென்னியப்பன் கறியை மோந்து பார்த்து இலையோரம் ஒதுக்கினார். சாயங்காலம் நாச்சிமுத்து மறுபடி லோடு ஏற்றப் போகிறான்.

"அதான் துலுக்கிருச்சுல்லப்பா, இன்னும் என்ன யோசனை?" என்றான் அவன்.

"காதுல தண்ணி பூந்தாலும் ஆடு துலுக்கும்டா."

இலையை மடித்தார். யார் கூப்பிட்டும் திரும்பாமல் சோளக்காட்டைப் பார்த்து நடந்தார்.