நாற்றம் நின்றபோது

வெந்நீரில் முக்கிப் பிழிந்த துணியைக் குழாயின்மேல் சுற்றி வைத்து, ஆறியதும் எடுத்து மூக்கில் வைத்தேன். குமட்டிக்கொண்டு வந்தது. படகின் கழிப்பறைக் குழாய் பழசாகிவிட்டால் ரப்பருக்குள்ளேயே நாற்றம் ஊறிவிடும், மேலே எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாது. எந்தக் குழாயில் ஊறியிருக்கிறது என்று இந்தத் துணிதான் காட்டிக்கொடுக்கும். அதை முகர்வது மெக்கானிக்கின் வேலை. மெக்கானிக் என் வீட்டுக்காரர். முகர்கிறவள் நான்.

"வருதா?" என்றார், படுக்கைக்கு அடியில் இருந்த பலகையைக் கழற்றிக்கொண்டே.

"உங்க அண்ணன் சாக்ஸே தேவலை."

"அப்போ இதை மாத்திட வேண்டியதுதான்."

போன மழைக்காலத்துக் காய்ச்சல் இவருடைய மோப்பத்தைக் கொண்டுபோய்விட்டது. மூக்கு என்னவோ லட்சணமாகத்தான் இருக்கிறது, அதில் ஒரு வாசனையும் ஏறாது. ஒருநாள் பால் தீய்ந்து பாத்திரம் கரியாகிக்கொண்டிருக்க, அடுத்த அறையில் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் மனிதர். அன்றிலிருந்து வீட்டைப் பூட்டிக் கிளம்பினாலும் பாதி வழியில் திரும்பி வந்து சிலிண்டரைப் பார்க்கிறேன். நான் இல்லாத நேரத்தில் கேஸ் கசிந்தால் இவருக்குத் தெரியவே தெரியாது. இந்த ஒரே பயம் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருக்கிறது.

படகில் நாற்றம் போக்குவதுதான் எங்கள் பிழைப்பு. மோப்பம் போன ஆளை எவன் கூப்பிடுவான்? அதனால் படகுத்துறையில் மூச்சு விடவில்லை. ஒத்தாசைக்கு வீட்டம்மா வருகிறாள் என்று சொல்லிவைத்தோம். ஒவ்வொரு வேலை முடிந்ததும் இவர் "வருதா?" என்பார், நான் உள்ளதைச் சொல்வேன். எனக்கு 'மூக்கி' என்று பெயரும் வைத்தார். துறையில் இருப்பவர்கள் என் மூக்கின் நீளத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

இந்தப் படகின் முதலாளி கரையில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். வெளியே புதிதாக நீலப் பெயிண்ட் அடித்துப் படகு பளபளவென்று இருந்தது. உள்ளே ஒரு நிமிஷம் நிற்க முடியவில்லை. நாளைக்குச் சவாரி இருக்கிறதாம். குனிந்தால் நிமிர முடியாத அறை, கைக்குட்டை அகலத்துக்கு ஒரு ஜன்னல், அதுவும் திறக்கவில்லை.

கழிவுத் தொட்டியின் மூடியை இவர் மெல்லத் திருகினார். உஸ்ஸென்று காற்று சீறியது. அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது.

"மூக்கி, வருதா?"

"ஐயோ, குடலைப் பிடுங்குது!"

மூடியை முழுசாக எடுத்துவிட்டு, உள்ளே எதுவும் அடைத்திருக்கிறதா என்று டார்ச்சோடு குனிந்து பார்த்தார். நான் பின்னால் முழங்காலிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன்.

"இப்போ?"

மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. அப்பாடா, போய்விட்டது என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நிறுத்தினேன். எப்படிப் போகும்? மூடியைத் திறந்ததைத் தவிர இவர் இன்னும் ஒன்றும் செய்யவில்லையே. மடியில் கிடந்த துணியை எடுத்து மூக்கில் வைத்தேன். சற்று முன் குமட்டிய அதே துணி. வெறும் ஈரம்தான் தெரிந்தது.

நாற்றம் எங்கேயும் போகவில்லை. போனது என் மூக்கு. தொட்டி வாயு அதிகமானால் முதலில் மூக்கைத்தான் மரக்கடிக்கும், அப்புறம் ஆளையே சாய்த்துவிடும்.

"வெளிய வாங்க!"

"இரு, தலை ஒரு மாதிரி..." குரல் குழறியது. டார்ச் தொட்டிக்குள் விழுந்தது.

அந்த உடம்பை எப்படி இழுத்தேன் என்று எனக்கே தெரியாது. இடுப்பு பெல்ட்டைப் பிடித்தேன், சட்டை கிழிந்தது, கத்தினேன். முதலாளி ஓடிவந்து மேலிருந்து கை கொடுத்தார். மேல்தளத்தில் கொண்டுவந்து போட்டதும் இவர் கம்பியைப் பிடித்து எழுந்து, வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தார். இருமினார். உயிர் இருக்கிறது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

குனிந்த வாக்கிலேயே இவர் படகின் பக்கவாட்டைக் காட்டினார். தொட்டி மூச்சு விடுவதற்கென்று அங்கே விரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு. அதன்மேலும் அழகாக நீலம் பூசியிருந்தது.

"பெயின்ட்டர் ஒரு இடம் விடாம அடிச்சான்னு பெருமைப்பட்டேனே..." முதலாளியின் முகம் வெளுத்தது. ஆணி ஒன்றைத் தேடி எடுத்துவந்து அவரே அதைக் குத்தித் திறந்தார். அதன் வழியே தொட்டி வாயு வெளியே வந்தது. பொறுக்க முடியாமல் அவர் தோள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி தள்ளிப் போனார்.

நாங்கள் இரண்டு பேரும் அந்த ஓட்டைக்கு நேர் மேலே, பொத்தாமல், அப்படியே நின்றோம்.

"என்னம்மா, உங்களுக்கு நாறலையா?" என்றார் அவர் துண்டுக்குள்ளிருந்து.

நான் கையோடு வந்துவிட்டிருந்த அந்தக் குழாய்த் துணியை இரண்டு கையாலும் முகத்தில் அழுத்திக்கொண்டேன். நாறித் தொலையேன் சனியனே, ஒரே ஒரு தடவை நாறேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். இழுத்தேன். மறுபடி இழுத்தேன். உப்புக் காற்று தொண்டையில் சில்லென்று இறங்கியது, அவ்வளவுதான்.

இவர் என் பக்கம் சரிந்து, முதலாளிக்குக் கேட்காதபடி உதட்டை மட்டும் அசைத்தார்.

"வருதா?"