விட்டுப்போன ஒரு ஆள்

கடவுளுக்கும் கத்திரிக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பெரிய சண்டை ஒன்றும் கிடையாது, ஒதுங்கிக்கொண்டாள், அவ்வளவுதான். தொளதொளப்பான துணிகளைப் பிரித்து அளவு குறைத்துத் தைத்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. கத்திரி என்ற பட்டப்பெயர் தொழிலுக்காக வந்தது என்று அவள் சொல்வாள். நாக்குக்காக வந்தது என்று தெரு சொல்லும்.

அப்பேர்ப்பட்டவள் தலையில்தான் ஒரே வீட்டில் அடுத்த அறையில் இருந்த அக்காவின் பிரார்த்தனை வந்து விழுந்தது.

அக்கா தபால் நிலையத்தில் கடிதங்களை வீடுவாரியாகப் பிரித்து அடுக்கியவள். தெருவில் யாருக்கு எங்கிருந்து என்ன வரும் என்பது அவளுக்கு அத்துப்படி. யாருக்கு எதுவுமே வராது என்பதும்தான். அதனாலோ என்னவோ, சாயங்காலமானால் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் ஒருவர் விடாமல் எல்லோருக்காகவும் வாய்விட்டு வேண்டிக்கொள்வாள். மாடியில் இருமுகிறவர், ரொட்டிக்கடைக்காரர், வாடகையை ஏற்றிய வீட்டுக்காரர்கூட அதில் உண்டு. பக்கவாதம் வந்து பேச்சையும் வலது பக்கத்தையும் கொண்டுபோனபோது அதுவும் நின்றது. சாயங்காலம் உதடு துடிக்கும், கண் கலங்கும், சாப்பாட்டை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இப்படியே போனால் ஆள் தேறமாட்டாள் என்று கத்திரிக்கு உள்ளூர உதறல்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ்தான் வழி சொன்னாள். அக்காவின் இடது கையில் ஒரு ஸ்பூனைக் கொடுத்து, கட்டில் கம்பியில் ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை என்று பழக்கினாள். கேள்வி மேல் கேள்வி கேட்டு விஷயத்தையும் வாங்கிவிட்டாள்.

"வேண்டிக்க முடியலன்னு தவிக்கிறாங்க. மனசுக்குள்ளகூட வார்த்தை கோர்வையா வரமாட்டேங்குது. அவங்களுக்குப் பதிலா நீங்க சொல்லுங்களேன்."

"எனக்கு அதுல நம்பிக்கை இல்ல சிஸ்டர்."

"நம்பிக்கை அவங்களுது. நீங்க வாயை மட்டும் கொடுங்க."

கத்திரி வாயைக் கொடுத்தாள். தொழில் புத்தி சும்மா இருக்குமா? முதல் நாளே அளவு குறைத்துவிட்டாள்.

"தெருவுல எல்லாரும் நல்லா இருக்கணும். சரியா?"

டக், டக். கம்பி அதிர்ந்தது.

பிறகு முழுசாகச் சொன்னாள். இத்தனை வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் காதில் போட்டுக்கொள்ளாதவள்போல் இருந்தவளுக்கு எல்லாம் வரிசையாக வந்தது. அவளுக்கே ஆச்சரியம். முடித்துவிட்டு, "அவ்ளோதானே?" என்றாள். டக், டக்.

யாரோ விட்டுப்போயிருக்கிறார்கள். யார்?

அன்றிலிருந்து அது அவளைக் குடைய ஆரம்பித்தது. தையல் மிஷினில் உட்கார்ந்தாலும் அதே யோசனை. தபால் வண்டி ஓட்டுகிறவரைச் சேர்த்தாள். இல்லை. முடிவெட்டுகிறவரின் மாமியார்? இல்லை. கடைக்குத் தைத்த துணியை வாங்க வருகிறவர்களிடம் எல்லாம், "உங்க வீட்ல எத்தனை பேரு?" என்று விசாரிக்கத் தொடங்கினாள். இவளுக்கு எதற்கு இந்த வேலை என்று அவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். ஒருநாள் மாடிக்கே ஏறிப்போய்க் கதவைத் தட்டினாள். அங்கே இருமுவது ஒருவர் அல்ல, புருஷனும் பெண்டாட்டியும் மாற்றி மாற்றி இருமிக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலேயே குடியிருந்த அந்த அம்மாவைக் கத்திரி அதுவரை பார்த்ததே இல்லை. கண்டுபிடித்துவிட்டோம் என்று ஓடிவந்து சொன்னாள். அக்கா கொஞ்சம் யோசித்தாள். ஒரு தட்டு, சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அவ்வளவுதானா என்று கேட்டபோது மறுபடியும் டக், டக்.

கத்திரிக்குப் பொறுமை போய்விட்டது. கையிலிருந்த சூப்புக் கிண்ணத்தை மேஜையில் வைத்தாள்.

"இனிமே இந்தத் தெருவுல ஆளே இல்லக்கா. உன்னையும் என்னையும் விட்டா யாரு இருக்கா?"

டக்.

"என்னது? நீயா?"

டக், டக்.

"நானா?"

டக்.

அப்போதுதான் நினைவு வந்தது. கத்திரியின் புருஷன் அவளை விட்டுப்போன புதிதில், தங்கைக்கு நல்ல புத்தி கொடு என்று அக்கா வேண்டிக்கொண்டது சுவர் தாண்டிக் கேட்டது. கத்திரி நேரே உள்ளே போய், "என் பேரை அங்க எடுக்காத" என்று வெட்டிவிட்டு வந்தாள். சொன்னவள் மறந்தே போனாள். கேட்டவள் அன்றோடு அந்தப் பெயரை வாயால் சொல்லவில்லை.

"அப்போ இத்தனை வருஷமா என்னை மட்டும் விட்டுட்டியா?"

டக், டக்.

"மனசுக்குள்ளயா?"

டக்.

அக்காவின் மனசுக்குள் இப்போது வார்த்தை இல்லை. அதனால்தான் இவ்வளவு தவிப்பு. கத்திரி ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சரி, சொல்றேன். எனக்கு என்ன கேக்கணும்? நல்ல புத்தியா?"

டக், டக். அக்காவின் கோணிய வாயில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

"உடம்பு சுகம்?"

ஒரு தட்டும் விழவில்லை. அக்கா ஸ்பூனைத் தூக்கிப் பிடித்தபடி அவளையே பார்த்தாள். ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்ல முடியாததை அவளே சொல்லட்டும் என்று காத்திருந்தாள். கத்திரி எவ்வளவோ யோசித்தாள். வேண்டிப் பழக்கமில்லாத வாய்க்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"கடையைப் பூட்டினதும் வீட்டுக்கு வர பயமா இருக்கு," என்றாள் கடைசியில். "தெரு மூலையில கொஞ்ச நேரம் நின்னுட்டுதான் வரேன். உள்ள வந்தா உனக்கு என்ன ஆகியிருக்குமோன்னு ஒரு பயம். ஒண்ணும் ஆகலையேன்னு சலிச்சுக்குவேனோன்னு இன்னொரு பயம். அந்த நினைப்பு எனக்கு வேணாம். யாரு கேக்கறாங்களோ தெரியாது. அதை எடுத்துடணும்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இனி அக்கா முகத்தில் எப்படி விழிப்பது?

டக்.

நிமிர்ந்தாள். அக்கா அழுதுகொண்டிருந்தாள். ஸ்பூனைப் படுக்கையில் போட்டுவிட்டு, அந்த ஒற்றைக் கையால் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வாயைத் திறந்தாள். கத்திரி மறு கையால் கிண்ணத்தை எடுத்தாள். பாதி சூப்பு உள்ளே போன பிறகும் அக்கா பிடித்த பிடியை விடவில்லை.