கோலா கெத்திலில் ஒரு கணப்படுப்பு

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு வீட்டின் வரைபடத்தைப் பார்த்துப் பிறந்தது. பழைய இங்கிலாந்தில், சொந்த நிலத்தில் தானே ஏர் பிடித்த குடியானவன் கட்டிக்கொண்ட வீடு. மரச்சட்டங்களை ஆணியே இல்லாமல் மர முளைகளால் பூட்டியிருக்கிறான். மாடி கீழ்த்தளத்தைவிட ஒரு முழம் முன்னே நீட்டிக்கொண்டு நிற்கிறது. நட்டநடுவே, ஓர் அறை அகலத்துக்குப் புகைபோக்கி. வாசற்கதவைத் திறந்தால் நேரே அதன் சுவர்தான். காற்றும் சரி, வருகிறவனும் சரி, ஒருமுறை திரும்பித்தான் உள்ளே போகமுடியும். எவ்வளவு கெட்டிக்காரன் பாருங்கள். வேலைவெட்டியை விட்டுவிட்டு அந்தப் படத்தில் சொக்கிக் கிடந்தேன்.

பிறகு அதைப் பெயர்த்து வந்து மலாயாவின் கெடா மாநிலத்தில், கோலா கெத்தில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வைத்தேன். (தேடிப் போகாதீர்கள். கட்டியவன் நான்தான்.) ஊர் ஏக்கம் பிடித்த ஒரு துரை செங்கால் என்கிற அந்த ஊர் வைரமரத்தில் கட்டியதாக வைத்துக்கொள்வோம். கெடா வெயிலில் கணப்படுப்பு எதற்கு என்று தொழிலாளர் குடியிருந்த லயத்தில் எல்லாரும் சிரித்தார்கள். ஒருநாளும் அதில் தீ மூட்டவில்லை.

2.

முதல் தொடக்கம்: "1943ஆம் ஆண்டு, ஜப்பானியர் ஆட்சியில் கெடா மாநிலம்..." வேண்டாம், பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: "புஷ்பவள்ளி தன் புருஷனைப் புகைபோக்கிக்குள் ஒளித்து வைத்தாள்." இதுதான்.

துரை ஓடிவிட்டார், ஜப்பான் அதிகாரி குடியேறிவிட்டார், பங்களா வேலைக்காரி மட்டும் அதே புஷ்பவள்ளி. சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடிக்கிறார்கள். போனவர்கள் திரும்பவில்லை. அவள் புருஷன் இருளப்பன் பால்மரம் வெட்டுகிறவன், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவன். லயத்தில் தேடுவார்கள், அதிகாரி படுக்கும் வீட்டில் தேடமாட்டார்கள் என்று அவள் நினைத்தாள்.

ஒளிய இடம் தந்தவன் வரைபடத்து இங்கிலாந்துக் குடியானவன்தான். மாடியில், புகைபோக்கியை ஒட்டி, பன்றிக்கறியைப் புகைபோட ஓர் ஆள் நிற்கும் அளவுக்குச் சின்ன அறை வைத்திருந்தான்.* அடுப்புப் புகை அதற்குள் சுற்றித்தான் மேலே போகும். இரும்புக் கதவு, வெளிப்பக்கம் தாழ்ப்பாள். கறி உள்ளிருந்து கதவைத் திறக்கப்போகிறதா என்ன?

* இருளப்பன் பன்றிக்கறி வாடைக்கே ஓடுகிறவன். அங்கே ஒருநாளும் கறி தொங்கியதில்லை என்று அவள் சத்தியம் செய்த பிறகுதான் உள்ளே போனான். (இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

3.

அதிகாரிக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. உச்சி வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கினார். கணப்படுப்பைக் காட்டி ஏதோ சொன்னார். தோட்டத்தில் கணக்கெழுதிய பழைய கிராணி மணியம்தான் அவருக்கு மொழிபெயர்ப்பாளன்.

"தீ மூட்டச் சொல்றாரு, தங்கச்சி."

மூட்டினால் புகை இருளப்பன் நிற்கும் அறைக்குள்தான் போகும். மாடிக்குப் போனால் தாழ்ப்பாளைத் திறந்துவிடலாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"புது அடுப்பு, கிராணி. மொதல்ல பால் பொங்க விடணும். சும்மா மூட்டுனா வீட்டுக்கு ஆகாதுலா."

"இந்தப் பஞ்சத்துல பாலுக்கு எங்க போவ?"

"தேங்காப்பாலு போதும். சட்டி மாடியில இருக்கு, எடுத்தாறேன்."

சட்டி மாடியில் இருக்காது என்று மணியத்துக்குத் தெரியும். மாடியில் யாரோ ஒளிந்திருப்பது அவனுக்குப் புரிந்தது. பிறகு அவள் சொன்னதை அப்படியே ஜப்பானிய மொழியில் சொன்னான். அதிகாரி அவளைக் கையமர்த்தி, விறகை அடுக்கச் சொன்னார். சட்டியை மணியம் எடுத்து வரட்டும்.

4.

மணியத்தை எனக்குப் பிடிபடவில்லை. முதலில் அவனை ஆள்காட்டியாக எழுதினேன். அடித்துவிட்டு உத்தமனாக எழுதினேன், அது இன்னும் பொய்யாக இருந்தது. ஒளிந்தவனைக் காப்பாற்றியது தெரிந்தால் அடுத்த ரயிலில் அவனே ஏறவேண்டும். வீட்டில் மனைவி மருதம்மாள் நிறைமாதக் கர்ப்பிணி. அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஒரு முடிவு: மணியம் கதவைத் திறக்கிறான், இருளப்பன் இருமுகிறான், கீழே அதிகாரி தலையை நிமிர்த்தி...

இன்னொரு முடிவு: மணியம் வெறுங்கையோடு இறங்கி வந்து, "சட்டி இல்ல" என்கிறான். புஷ்பவள்ளி தீக்குச்சியை...

இதற்குமேல் கை ஓடவில்லை.

ஆனால் வீட்டைக் குறை சொல்லாதீர்கள். மாடிப்படி புகைபோக்கியைச் சுற்றித் திரும்புகிறது. ஏறுகிறவன் என்ன செய்கிறான் என்று கீழே இருப்பவருக்குத் தெரியாது. முன்பின் பார்த்திராத இருளப்பன், புஷ்பவள்ளி, மணியம் மூவருக்கு இவ்வளவு செய்துகொடுத்த அந்தக் குடியானவனை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

கீழே விறகு அடுக்கியாகிவிட்டது. உள்ளே இருளப்பன் மூச்சை அடக்கி நிற்கிறான். மணியத்தை நான் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவன் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். தாழ்ப்பாள் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது.