புவனேசுக்குச் சொன்ன லே

சீசன் நேரத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் கால் வைக்க இடமிருக்காது. அத்தனை கூட்டத்துக்கு நடுவே துண்டும் அரைக்கால் சட்டையும் விற்கிற ஜெபஸ்டினிடம் யாராவது பேசினார்களா என்றால், பேசினார்கள். இது எவ்வளவு, அதுல சாயம் போகுமா. இதெல்லாம் ஒரு பேச்சா? வயசு நாற்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் கூடிவரவில்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று, அக்கா ரூபி பெங்களூரில். கடையைச் சாத்திவிட்டு இலத்தூர் வீட்டுக்குப் போனால் டிவி மட்டும்தான் வாய் திறக்கும்.

அவனுக்கிருந்த ஒரே பைத்தியம் ‘விண்கூடு’. தமிழில் டப் செய்த வெளிநாட்டுப் படம், மூன்று பாகம். பள்ளிக்கூடம் படிக்கையில் தென்காசித் தியேட்டரில் அந்த விண்கப்பலில் ஏறியவன், இன்னும் இறங்கவில்லை. ஊரில் யாரிடமாவது இதைப் பேசினால், காலாகாலத்தில் ஒரு கல்யாணம் ஆகியிருந்தால் இந்தக் கிறுக்கு வந்திருக்காது என்பார்கள்.

அதனால்தான் விண்கூடு ரசிகர்களின் வாட்ஸப் குழு அவனுக்கு உயிராகிப்போனது. அட்மின் புவனேஷ் கோயம்புத்தூர்க்காரன். கடிக்க வந்த கொசுவுக்கும் ‘ங்க’ போட்டு மரியாதை கொடுக்கிற ஊர். ஜெபஸ்டினும் இரண்டு வருசமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு ‘சரிங்க, ஆமாங்க’ என்றே எழுதினான். முகப்புப் படமாக விண்கப்பலை வைத்திருந்ததால் யாரும் அவன் முகத்தைப் பார்த்ததில்லை, தொழிலையும் கேட்டதில்லை. சாரல் விழும்போது எல்லோரும் குற்றாலத்துக்கு வாங்க என்று அழைத்ததே அவன்தான். வருகிறோம் என்று தேதியும் குறித்துவிட்டார்கள்.

அப்போதுதான் நாலாம் பாகத்துக்கு ஆள் மாறிய செய்தி வந்தது. பழைய இயக்குநர் ஒதுங்கிவிட்டாராம். புதிதாக ஒரு பெண்மணி, அதுவரை குடும்பப் படங்கள் மட்டுமே எடுத்தவர். குழு கொதித்துவிட்டது. சமையல்கட்டைப் படம் பிடித்தவருக்கு விண்கப்பல் எதுக்குங்க என்று புவனேஷ் குதித்தான். ஜெபஸ்டின் ஒருத்தன்தான் அந்தப் பெண்மணிக்காக மல்லுக்கு நின்றான். மூன்று பாகத்திலும் சண்டை முடிந்தபின் கேப்டன் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறான், அதுதான் படமே, அதை எடுக்கத் தெரிந்தவர் வந்தால் போதும் என்று எழுதினான். புவனேஷ் விடவில்லை. இவனும் விடவில்லை. வந்த வியாபாரமெல்லாம் பக்கத்துக் கடைக்குப் போனது. போகட்டுமே! எத்தனை காலம் கழித்து ஒருத்தன் அவனோடு சரிக்குச் சரி மல்லுக்கட்டுகிறான். அந்தச் சந்தோஷத்தில் விரல் தானாக அடித்துவிட்டது: ‘ஏலே புவனேசு, படத்த ஒழுங்கா பாத்தியாலே நீ?’

புவனேஷ் பதில் எழுதினான்: ‘மரியாதை தெரியாதவங்களுக்கு இங்க இடமில்லைங்க.’ துரத்துகிறபோதும் ‘ங்க’. ஜெபஸ்டினைக் குழுவிலிருந்து நீக்கி, நம்பரையும் தடுத்துவிட்டான். விளக்கம் சொல்லக்கூட வழியில்லை.

குறித்த தேதியில் வந்துவிட்டார்கள். நெஞ்சில் விண்கப்பல் போட்ட பனியன் நாலைந்து, நனைந்தபடி அவன் கடைமுன் வந்து நின்றன. ‘நான்தான் ஜெபஸ்டின்’ என்ற ஒரு வார்த்தையை இதற்காகவே ஜெபஸ்டின் பல நாளாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தான். முகப்புப் படத்தில் பார்த்த அதே புவனேஷ், துண்டை விரித்துப் பார்த்துக்கொண்டே கூட வந்தவர்களிடம் வாதாடிக்கொண்டிருந்தான். அந்தப் பெண்மணியே எடுக்கட்டும், கேப்டன் தனியாகச் சாப்பிடுவதுதான் படமே என்றான். அடப்பாவி!

கூட வந்த வித்யாலட்சுமி சிரித்துவிட்டு, இதைச் சொன்ன ஆளைத்தானே ‘லே’ என்றதற்கு விரட்டினாய் என்றாள். கடைக்காரர் உள்ளூர்தானே, அவரையே கேட்போம் என்று திரும்பினாள்.

“அண்ணா, இங்க லேன்னா என்ன அர்த்தம்?”

ஜெபஸ்டின் துண்டை மடித்தபடியே சொன்னான். “திட்டவும் சொல்லுவோம்மா. ஆனா மனசு ஒட்டாதவங்கள நீங்க, வாங்கன்னுதான் கூப்பிடுதோம். நம்மாளுன்னு மனசுல பட்டாத்தான் லே வரும். யோசிச்சுல்லாம் வராது.”

புவனேஷின் முகம் சுண்டிப்போயிற்று. துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“தப்புப் பண்ணிட்டேன் போலிருக்குங்க,” என்றான். “நம்பரைக்கூட அழிச்சுட்டேன். இனி அவரை எங்க போய்த் தேடுறது?”

இதைவிட நல்ல நேரம் வேறு வராது. ஜெபஸ்டின் வாயைத் திறந்தான். எத்தனையோ வருசமாக அந்தக் கடையில் நின்று பேசிப் பழகிய வாய், பழகியதையே பேசியது.

“துணிப்பையில போட்டுத் தரட்டுமா சார்?”

வேண்டாங்க என்று புவனேஷ் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். வேன்காரன் ஹாரன் அடித்தான். எல்லோரும் ஓடிப்போய் ஏறினார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேன் மெதுவாகத் திரும்பி, செங்கோட்டைச் சாலையில் மறைந்தது.

“பாத்துப் போலே,” என்றான் ஜெபஸ்டின்.

என்ன சொன்னீங்க என்று துண்டு பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்தார். ஒண்ணுமில்ல சார், சாயம் போகாது என்றான்.